பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும் முன்

ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துக் கிராமங்களில் பொழுது விடிவதே கம்பெனி வண்டியின் ஹாரன் சத்தத்தில்தான். ஏழு, ஏழரைக்கெல்லாம் ஷூ கம்பெனிப் பேருந்துகள் தெருமுனைக்கு வந்துவிடும். ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் பலர் நம் அங்கன்வாடியிலும் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளிலும் இருக்கும் பிள்ளைகளின் தாய்மார்கள். பிள்ளைக்குத் தலை வாரி, பாட்டியிடமோ பக்கத்து வீட்டிலோ விட்டுவிட்டு ஓடுகிறார்கள். இரவில் பிள்ளைக்கு உடம்பு சுட்டிருந்தால் காய்ச்சல் மருந்தை ஒரு மூடி ஊற்றிவிட்டுப் போகிறார்கள். அந்த மருந்தின் வேகம் நாலைந்து மணி நேரம்தான். பதினோரு மணி வாக்கில், பாட்டுக்குக் கை தட்டிக்கொண்டிருந்த பிள்ளை சுருண்டு படுத்துவிடுகிறது.

பிறகு பள்ளிகளில் வழக்கமாக நடப்பது நமக்குத் தெரியும். அம்மாவுக்குப் போன் போகும்; வேலை நேரத்தில் அவர் எடுக்க முடியாது. ஐந்தாம் வகுப்பில் படிக்கும் அக்காவைக் கூப்பிட்டு, "தம்பியை வீட்டில விட்டுட்டு வா" என்போம். அக்கா அன்று திரும்பி வரமாட்டாள். மறுநாளும் வரமாட்டாள், ஏனென்றால் தம்பியைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. அனுப்பியது ஒரு பிள்ளையை. வருகைப் பதிவேட்டில் குறைவது இரண்டு பேர். அம்மாவே விடுப்பு எடுத்தால் அன்றைய கூலி போகும்.

நான் பணிபுரியும் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின் வளாகத்திலேயே அங்கன்வாடி மையமும் இருக்கிறது. 2019 ஜனவரியில், நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளை அரசு தொடங்கியது. அதுவரை அங்கன்வாடிப் பணியாளரும் கிராம சுகாதாரச் செவிலியரும் கவலைப்பட்டுக்கொண்டிருந்த மூக்கொழுகலும் பேதியும் அதன் பிறகு ஆசிரியர்களாகிய நம் வேலையிலும் சேர்ந்துகொண்டன. எந்த நோய்க்குப் பிள்ளையை வீட்டில் வைக்க வேண்டும், எத்தனை நாள், எதற்கு வைக்கவே தேவையில்லை என்பதை எங்கள் வட்டாரச் சுகாதாரப் பணியாளர்களிடம் கேட்டும் படித்தும் நான் திரட்டிக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன். அதைவிட முக்கியமான ஒன்றும் இருக்கிறது. முதலில் அது.

நோய் தெரிவதற்கு முன்பே

காய்ச்சல் வந்த பிள்ளையை உடனே அனுப்பிவிட்டால் மற்ற பிள்ளைகள் தப்பிவிடுவார்கள் என்று நினைக்கிறோம். பெரும்பாலான தொற்றுகளில் கணக்கு அப்படி இல்லை. தட்டம்மை, உடம்பில் தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே பரவுகிறது. அந்த நாட்களில் பிள்ளைக்கு இருப்பது சாதாரணச் சளி, காய்ச்சல், சிவந்த கண் மட்டுமே. சின்னம்மை கொப்புளம் வருவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். கை, கால், வாயில் கொப்புளம் வரும் வைரஸ் நோய் இருக்கிறதே, 2022-இல் கேரளத்தின் கொல்லத்தில் 'தக்காளிக் காய்ச்சல்' என்று பத்திரிகைகளில் பெயர் வாங்கியது, அந்தக் கிருமி பிள்ளை குணமான பிறகும் பல வாரங்கள் மலத்தில் வெளியேறிக்கொண்டிருக்கும். ஆக, நம் கண்ணுக்கு நோயாளியாகத் தெரியும் இரண்டு மூன்று நாள் மட்டும் பிள்ளையை அனுப்பிவைப்பது, இரண்டு வாசல் உள்ள வீட்டில் ஒரு வாசலை மட்டும் பூட்டுவது போல.

இதற்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் ரோட்டா வைரஸை அறிய, 2002 முதல் வேலூர் நகரின் நெரிசலான குடியிருப்புகளில் பிறந்த குழந்தைகளைப் பிறந்த நாளிலிருந்தே பின்தொடர்ந்தார்கள். பீடி சுற்றியும் கூலி வேலை செய்தும் பிழைக்கும் குடும்பங்கள் அவை. மூன்று வயதுவரை முழுதாகக் கண்காணிக்கப்பட்ட 373 குழந்தைகளைப் பற்றிய முடிவு 2011-இல் வெளியானது. ஆறு மாதம் முடிவதற்குள்ளேயே பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு அந்தத் தொற்று வந்துவிட்டிருந்தது. மெக்சிகோவில் முன்பு நடந்த ஓர் ஆய்வில், இரண்டு முறை தொற்று வந்த குழந்தைகளுக்குப் பிறகு கடுமையான வயிற்றுப்போக்கு வரவேயில்லை. வேலூரில் மூன்று முறை வந்த பிறகும் பாதுகாப்பு 79 சதவீதம்தான். "ஒரு தடவ வந்துட்டா அப்புறம் வராது" என்று நம் ஊரில் சொல்வது இந்தக் கிருமிக்குப் பொருந்தாது. கிருமி அடர்த்தியாகப் புழங்கும் இடத்தில் அது திரும்பத் திரும்ப வருகிறது.

இந்தியாவில் உருவான ரோட்டா வைரஸ் தடுப்பு மருந்தைச் சோதித்த மூன்று இடங்களில் வேலூரும் ஒன்று. மற்றவை டெல்லியும் புனேயும். 2017 முதல் தமிழ்நாட்டில் கைக்குழந்தைகளுக்கு ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து இலவசமாகக் கொடுக்கப்படுகிறது. கடுமையான பேதியில் பாதிக்கு மேல் இது தடுக்கும். மீதியை யார் தடுப்பது? அந்த மீதிதான் நம் மையத்தின் குழாயடியிலும் துடைக்கும் துணியிலும் இருக்கிறது.

சோப்பு, உப்புத் தண்ணீர், ஒரே துணி

2002, 2003 ஆண்டுகளில் கராச்சியின் குடிசைப் பகுதிகளில் ஓர் ஆய்வு நடந்தது. சில தெருக்களுக்குச் சோப்பு கொடுத்து, கை கழுவும் பழக்கத்தை வாரந்தோறும் வீடு வீடாகச் சென்று ஊக்கப்படுத்தினார்கள். அந்த வீடுகளில் குழந்தைகளின் வயிற்றுப்போக்கும் நிமோனியாவும் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. எனக்கு இன்னும் பிடித்த செய்தி வேறு: சாதாரணச் சோப்புக்கும், 'கிருமிகளைக் கொல்லும்' என்று கூடுதல் விலைக்கு விற்கும் சோப்புக்கும் பலனில் வேறுபாடே இல்லை. பள்ளி மானியத்தில் எதை வாங்கலாம் என்று யோசிக்கும் தலைமை ஆசிரியர்கள் இதைக் கவனிக்கலாம்.

ஆனால் எங்கள் பகுதியில் சோப்பு வாங்கி வைத்துவிட்டால் மட்டும் போதாது. பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் தொழில் நிலத்தடி நீரை என்ன செய்தது என்பது, 1996 ஆகஸ்டில் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பால் நாடே அறிந்தது. ஆழ்துளைக் கிணற்று நீர் பல ஊர்களில் இன்றும் உப்பாகவே இருக்கிறது. உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. நுரை வராவிட்டால் நாலு வயதுப் பிள்ளைக்குக் கை கழுவுவதில் சுவாரசியம் இல்லை. ஒரு விரலை நனைத்துவிட்டு ஓடிவிடும். காவிரிக் குடிநீர் வரும் நாட்களில் கை கழுவுவதற்கென்று ஒரு குழாய் வைத்த டிரம்மில் தனியாகப் பிடித்து வைக்கிறோம். அது இல்லாத நாளில் கட்டிச் சோப்புக்குப் பதிலாகத் திரவச் சோப்பை நீரில் கலந்து பழைய பாட்டிலில் ஊற்றி, மூடியில் ஓட்டை போட்டுத் தருகிறோம். அது உப்பு நீரிலும் ஓரளவு நுரைக்கிறது. கட்டிச் சோப்பு என்றால் வெங்காயம் வாங்கும் வலைப்பையில் போட்டுக் குழாயில் கட்டித் தொங்கவிடுவது நல்லது. சாக்கடையில் விழாது, யாரும் எடுத்துப் போகவும் மாட்டார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தையும் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். கொதிக்க வைத்தாலோ குளோரின் கலந்தாலோ கிருமி சாகும். உப்பும் தோல் தொழிற்சாலைக் கழிவின் உலோகங்களும் போகாது. குடிப்பதற்குக் காவிரி நீரையோ சுத்திகரிப்பு இயந்திர நீரையோதான் பயன்படுத்த வேண்டும். அதேபோல் "நல்ல தண்ணி" என்று நாக்குக்குத் தெரிவதால் மட்டும் அதில் கிருமி இல்லை என்று ஆகிவிடாது. தொட்டியில் குளோரின் இருக்கிறதா என்பதை ஊராட்சியின் டேங்க் ஆபரேட்டர் வைத்திருக்கும் சிறு கருவியில் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம். சொட்டு விட்டதும் நீர் மஞ்சளாக மாறும், லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துச் சென்று காட்டினால் அது அறிவியல் பாடமாகவும் ஆகிவிடும். ஒரே மாதத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு மஞ்சள் காமாலை என்றால், கீழாநெல்லியைத் தேடுவதற்கு முன் இந்தத் தொட்டியைப் பாருங்கள்.

எப்போதெல்லாம் கழுவ வேண்டும்? மையத்துக்குள் நுழைந்ததும், சாப்பிடும் முன், கழிப்பறை போய் வந்ததும், மணலில் விளையாடி வந்ததும். பிள்ளைக்குக் கால் கழுவிவிட்ட பிறகு உதவியாளரின் கையும், மூக்கைத் துடைத்துவிட்ட பிறகு ஆசிரியரின் கையும் இதில் சேரும். பெரியவர்களின் கை விட்டுப்போவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். இருபது நொடி தேய்க்க வேண்டும் என்பதற்குப் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஏதாவது ஒரு பாட்டின் நான்கு அடி போதும். சானிடைசரை நம்பி இருக்க வேண்டாம். அழுக்குப் படிந்த கையில் அது வேலை செய்யாது. வாந்தி பேதி உண்டாக்கும் சில வைரஸ்களை அது சரியாகக் கொல்வதும் இல்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய குற்றவாளி, பல மையங்களில் ஆணியில் தொங்கும் ஒரே துணி. காலையிலிருந்து மாலைவரை இருபது பிள்ளைகளின் மூக்கையும் வாயையும் துடைப்பது அதுவே. சளி, மெட்ராஸ் ஐ, சீழ்க்கொப்புளம் மூன்றையும் ஒரே நாளில் வீடு வீடாகக் கொண்டு சேர்க்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. பழைய பருத்திப் புடவையைக் கைக்குட்டை அளவுக்குக் கிழித்து, ஒவ்வொரு பிள்ளையின் சட்டையிலும் ஊசி குத்தி அனுப்பும்படி தாய்மார்களிடம் கேட்டோம். செலவே இல்லாத காரியம்; பழைய தலைமுறை செய்ததுதான்.

மதியத் தூக்கத்தில் பிள்ளைகளை முகத்தோடு முகம் படுக்கவைக்காமல், ஒருவர் தலை இருக்கும் பக்கம் அடுத்தவர் கால் வருமாறு மாற்றி மாற்றிப் படுக்கவைக்கலாம். ஜன்னலைத் திறந்து வையுங்கள். தட்டம்மைக் கிருமி, நோயுள்ளவர் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அறைக் காற்றில் இருக்கும். வாயில் வைக்கும் பொம்மைகளை அன்றன்றே சோப்பு நீரில் கழுவி வெயிலில் போட வேண்டும். வாந்தி, பேதி பட்ட தரையை வெறும் ஈரத்துணியால் இழுப்பது கிருமியை அறை முழுக்கப் பூசுவதற்குச் சமம். முதலில் பழைய செய்தித்தாளால் அள்ளி எடுத்துவிட்டு, ஒரு லிட்டர் நீரில் 30 கிராம் பிளீச்சிங் பவுடர் கலந்த நீரை ஊற்றி, பத்து நிமிடம் விட்டுக் கழுவுங்கள். அதைக் கலக்கும்போது பிள்ளைகள் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

யாரை அனுப்பலாம், யாரை வேண்டாம்

இனி நாள் கணக்கு. காய்ச்சலில் தொடங்குவோம். மருந்து கொடுக்காமலேயே ஒரு முழு நாள் காய்ச்சல் இல்லாமல் இருந்தால் பிள்ளை வரலாம். 'மருந்து கொடுக்காமலேயே' என்ற சொல்லைத் தாய்மார்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டும். காய்ச்சல் இல்லாத வெறும் மூக்கொழுகலுக்கும் இருமலுக்கும் பிள்ளையை நிறுத்தத் தேவையில்லை. நிறுத்தத் தொடங்கினால் மழைக்காலத்தில் மையத்தில் ஆளே இருக்க மாட்டார்கள்.

வயிற்றுப்போக்கு என்றால், கடைசியாகப் பேதியான நேரத்திலிருந்து ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் வீட்டில் இருக்கட்டும். தட்டம்மைக்குத் தடிப்பு தொடங்கியதிலிருந்து நான்கு நாள். சின்னம்மைக்கு எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை. சாதாரணமாக ஐந்து முதல் ஏழு நாள் ஆகும். பொருக்கு உதிரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, பொருக்கிலிருந்து அது பரவாது. பொன்னுக்கு வீங்கிக்கு வீக்கம் தொடங்கி ஐந்து நாள். கழுத்தில் தங்கச் சங்கிலி போட்டால் வீக்கம் வடியும் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. பத்து நாளுக்குள் அது எப்படியும் வடியத்தான் போகிறது. சங்கிலி தொலையாமல் இருந்தால் சரி.

தக்காளிக் காய்ச்சலில் காய்ச்சல் நின்று, வாய்ப்புண்ணால் எச்சில் வடிவது குறைந்து, கொப்புளங்கள் காய்ந்தால் போதும். கிருமி முழுதாகப் போகும்வரை நிறுத்த நினைத்தால் மாதக்கணக்கில் ஆகும். அதில் பொருள் இல்லை. மெட்ராஸ் ஐயில் கண்ணில் நீரும் பீளையும் வடிவது நிற்கும்வரை. கண்ணைப் பார்த்தால் ஒட்டிக்கொள்ளும் என்பது தவறு. கையும் துண்டும் தலையணையும்தான் ஒட்டவைக்கின்றன. மஞ்சள் காமாலைக்குக் கண் மஞ்சளானதிலிருந்து ஒரு வாரம்.

சிரங்குக்கு மருத்துவர் தரும் பூச்சு மருந்தை ஓர் இரவு பூசிக் குளித்துவிட்டால் மறுநாளே பிள்ளை வரலாம். ஆனால் வீட்டில் உள்ள அனைவரும் அதே இரவு பூசிக்கொள்ள வேண்டும். பிள்ளைக்கு மட்டும் பூசுவதால்தான் மாதாமாதம் திரும்பி வருகிறது. சீழ்க்கொப்புளத்துக்கு மருந்து தொடங்கி ஒரு நாள். படர்தாமரைக்கு மருந்து தொடங்கிவிட்டால் போதும்.

பேனுக்கு யாரையும் அனுப்பாதீர்கள். பேன் நோய் எதையும் கொண்டுவருவதில்லை. நம் ஊரில் அது அந்தப் பிள்ளையின் தலையில் வந்து பல வாரம் ஆன பிறகுதான் நம் கண்ணில் படுகிறது. எல்லோர் முன்னாலும் "உன் தலையில பேன், போய் மொட்டை அடிச்சிட்டு வா" என்று சொல்வதால் ஒரு பெண் குழந்தை படும் அவமானம் பேனைவிடப் பெரிய நோய்.

பிள்ளையை அழைத்துப் போக ஆள் வரும்வரை ஜன்னலோரம், மற்றவர்களிடமிருந்து ஓரடி ஈரடி அல்ல, ஓர் ஆள் படுக்கும் தூரம் தள்ளிப் பாய் போட்டுப் படுக்கவைக்கலாம். தனி அறையில் கதவைச் சாத்தி விடக் கூடாது. காய்ச்சல் பிள்ளைக்கு வலிப்பு வரலாம். கண்பார்வையில் இருக்க வேண்டும்.

டெங்கு வேறு கதை. அது பிள்ளையிடமிருந்து பிள்ளைக்குத் தொட்டுப் பரவாது, கொசு வழியாகத்தான். அதற்காகப் பிள்ளையை ஒதுக்குவதில் பயனில்லை. மைதானத்து மூலையில் கிடக்கும் உடைந்த பக்கெட், கழிப்பறைத் தொட்டி, மொட்டை மாடித் தண்ணீர், இவற்றை வாரம் ஒரு நாள் கவிழ்த்துத் தேய்ப்பதில்தான் இருக்கிறது. முட்டை கொசுவாக ஏழெட்டு நாள் ஆகும் என்பதால்தான் வாரம் ஒரு நாள் என்ற கணக்கு. டெங்குவில் காய்ச்சல் விடும் நாளில்தான் ஆபத்து தொடங்குகிறது என்பதையும் பெற்றோருக்குச் சொல்லி வையுங்கள். காய்ச்சல் விட்டதும் பிள்ளை சோர்ந்து கிடந்தால், வயிறு வலித்தால், வாந்தி நிற்காவிட்டால் அன்றே மருத்துவமனை.

வேப்பிலை கட்டிய வாசல்

சின்னம்மையும் தட்டம்மையும் எங்கள் ஊர்களில் நோயாகப் பேசப்படுவதில்லை. "அம்மா வந்திருக்கா" என்பார்கள். வாசலில் வேப்பிலை கட்டுவார்கள், வெளியாள் உள்ளே வரமாட்டார்கள், பிள்ளை வீட்டைவிட்டு இறங்காது, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் நாள்வரை தனிப் படுக்கை. இதைக் கேலி செய்யும் ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நாம் பத்துமுறை சொல்லியும் நடக்காத தனிமைப்படுத்தலை அந்த வேப்பிலை ஒரே நாளில் செய்துவிடுகிறது.

சிக்கல் வேறு இடத்தில். "மருந்து கொடுத்தா அம்மாவுக்குக் கோபம் வரும்" என்று மருத்துவரிடமே போகாமல் இருப்பது. அதனால் எங்கள் பேச்சு இப்படிப் போகும்: வேப்பிலை இருக்கட்டும், அம்மனுக்குச் செய்வதைச் செய்யுங்கள், பிள்ளை தண்ணீர் குடிக்கவில்லை, மூச்சு வாங்குகிறது, எழுப்பினாலும் கண் திறக்கவில்லை என்றால் ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். தட்டம்மை வந்த குழந்தைக்கு வைட்டமின் ஏ மருந்து அடுத்தடுத்து இரண்டு நாள் கொடுக்க வேண்டும். கண்ணையும் உயிரையும் காப்பது அது. நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள், சொறிந்தால் சீழ் பிடிக்கும். ஆஸ்பிரின் மாத்திரை மட்டும் வேண்டவே வேண்டாம். வீட்டிலோ மையத்திலோ கர்ப்பிணி யாராவது இருந்து, அவருக்குச் சின்னம்மை முன்பு வந்ததில்லை என்றால் அவர் அந்தப் பிள்ளையிடம் நெருங்காமல் மருத்துவரைக் கேட்க வேண்டும். அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் இளம் ஆசிரியைகளுக்கும் இது பொருந்தும்.

சின்னம்மைக்கும் பொன்னுக்கு வீங்கிக்கும் அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இடமில்லை. ஆகவே அவை வரத்தான் செய்யும். தட்டம்மை அப்படியல்ல, ஊசி இருக்கிறது, ஒன்பது மாதத்தில் ஒன்று, பதினாறு மாதத்துக்கு மேல் ஒன்று. அதற்குப் பிறகும் ஒரு மையத்தில் தட்டம்மை வந்தால் அது சுகாதாரத் துறைக்கு அன்றே தெரிய வேண்டிய செய்தி.

பேதியான பிள்ளை, பாக்கெட், டம்ளர்

மையத்தில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருக்கும். அதன்மேல் எவ்வளவு நீரில் கலக்க வேண்டும் என்று அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்க்காமலே ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்குவது பரவலான பழக்கம். ஒரு லிட்டருக்கான தூளை ஒரு டம்ளரில் கலந்தால் உப்பு அளவுக்கு மீறி, பிள்ளைக்குக் கெடுதலாகவே முடியும். ஒரு லிட்டர் பாட்டிலில் அளவுக் கோடு போட்டு அலமாரியில் வைத்துவிடுங்கள். பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் தட்டையாக வழித்த ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு பேதிக்குப் பின்னும் அரை டம்ளரிலிருந்து ஒரு டம்ளர் வரை. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, கரண்டி கரண்டியாக மறுபடி தொடங்குங்கள். கலந்ததை மறுநாள் வைத்துக்கொள்ளக் கூடாது. துத்தநாக மாத்திரை பேதி நின்றாலும் 14 நாள் தொடர வேண்டும். அதைப் பாதியில் நிறுத்துவதுதான் வீடுகளில் நடக்கிறது. கடையில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைப் பெயரில் ஒட்டிக்கொண்டு விற்ற இனிப்புப் பானங்கள் அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. பழைய பழக்கத்தில் அவற்றை வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள்.

தாமதிக்கவே கூடாத அறிகுறிகளை எங்கள் மையத்தின் கதவின் உள்பக்கம் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறோம்: எதையும் குடிக்க முடியவில்லை, குடித்ததெல்லாம் வாந்தி, வலிப்பு, எழுப்பினால் விழிக்கவில்லை, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறது, ஒன்றிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளை நிமிடத்துக்கு 40 முறையோ அதற்கு மேலோ மூச்சு விடுகிறது. இதில் ஒன்று இருந்தாலும் அம்மா வரட்டும் என்று காத்திருக்காமல் 108.

அம்மாவிடம் பேசுவது

நோய் வந்த நாளில் பேசினால் அது சண்டையாகத்தான் முடியும். ஜூன் மாதம் சேர்க்கையின்போதே பேசிவிடுவது நல்லது. எங்கள் மையத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று கைபேசி எண்கள் வாங்குகிறோம். அம்மா எடுக்க முடியாவிட்டால் யார் வருவார்கள் என்பதையும் எழுதி வாங்குகிறோம். பள்ளியில் படிக்கும் அக்காவின் பெயரை அந்த இடத்தில் ஏற்றுக்கொள்வதில்லை. "அவளை விட்டா யாரும் இல்ல டீச்சர்" என்றார் ஒரு அம்மா. நாங்கள் உட்கார்ந்து யோசித்ததில், அதே தெருவில் வீட்டிலிருந்தபடி ஷூவின் மேல்பகுதி தைத்துக் கொடுக்கும் ஒரு பெரியம்மா கிடைத்தார். எங்கள் ஊரில் இப்படி வீட்டில் தைப்பவர்கள் தெருவுக்கு நாலு பேர் உண்டு. அவர்களும் துண்டுக் கணக்கில் கூலி வாங்குகிறவர்கள்தான். அதனால் ஒருவரையே எப்போதும் கேட்காமல் முறை வைத்துக்கொள்ளும்படி தாய்மார்களே பேசி முடித்தார்கள்.

முப்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தொழிற்சாலையில் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் இருக்க வேண்டும் என்பது 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருந்தது. தாய்மார் கூட்டத்தில் இதைச் சொன்னபோது பாதிப் பேருக்கு அப்படி ஒரு சட்டம் இருந்ததே தெரியவில்லை. அங்கேயும் நோயுள்ள பிள்ளையைச் சேர்க்க மாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் நோய் தேறி, கொப்புளம் காய்ந்து, இன்னும் சோர்வாக இருக்கும் அந்த இரண்டு நாளில் அம்மா பக்கத்திலேயே இருக்கும் இடம் ஒன்று இருப்பது சின்ன விஷயம் இல்லை.

அறிவிப்புகளைத் தமிழில் மட்டும் ஒட்டினால் எங்கள் பக்கம் பாதி வீடுகளுக்குப் போய்ச் சேராது. ஆம்பூர், வாணியம்பாடியில் உருது பேசும் குடும்பங்கள் ஏராளம். தெலுங்கு பேசுகிறவர்களும் உண்டு. உருது எழுதத் தெரிந்த ஓர் எட்டாம் வகுப்பு மாணவி எங்கள் நாள் கணக்குப் பட்டியலை அழகாக எழுதிக் கொடுத்தாள். படிக்காத பாட்டிகளுக்காக அதையே பேசிப் பதிவு செய்து வாட்ஸ்அப் குழுவில் போட்டாள். 2017 பிப்ரவரியில் தட்டம்மை–ரூபெல்லா ஊசி முகாம் நடந்தபோது வதந்தி இதே வாட்ஸ்அப்பில்தான் ஊர் ஊராகப் போனது. இப்போது அதே வழியில் சரியான செய்தி போகிறது.

ஒரு நாற்பது பக்க நோட்டும் வைத்திருக்கிறோம். தேதி, பிள்ளையின் பெயர், என்ன தொந்தரவு, எத்தனை நாள் வரவில்லை, அவ்வளவுதான். ஒரே வாரத்தில் மூன்று பேருக்கு ஒரே தொந்தரவு என்றால் கிராம சுகாதாரச் செவிலியருக்குப் போன் போகும். காய்ச்சலோடு தடிப்பு என்றால் ஒருவருக்கு வந்தாலே போதும். அந்த நோட்டை வகுப்பில் எல்லோரும் பார்க்கும்படி வைப்பதில்லை. எந்தப் பிள்ளைக்குச் சிரங்கு என்பது அந்த வீட்டுக்கும் நமக்கும் இருக்கும் விஷயம்.

நோட்டின் கடைசிப் பக்கங்களில் தடுப்பூசிக் கணக்கு. பிள்ளை ஒன்றாம் வகுப்புக்கு வரும் வயதில், அதாவது ஐந்திலிருந்து ஆறுக்குள், தொண்டை அடைப்பான், கக்குவான், ரண ஜன்னிக்கான இரண்டாவது ஊக்க ஊசி போட வேண்டும். கைக்குழந்தைக்கான ஊசிகளைத் தவறாமல் போட்ட குடும்பங்கள்கூட இதை விட்டுவிடுகின்றன, ஏனென்றால் ஒன்றரை வயதோடு ஊசியெல்லாம் முடிந்துவிட்டது என்ற எண்ணம். சேர்க்கைக்குப் பிறப்புச் சான்றிதழ் கேட்கும்போதே தடுப்பூசி அட்டையையும் வாங்கிப் பார்த்து, விட்டுப்போன பிள்ளைகளின் பெயரைத் தனியாக எழுதி, செவிலியரிடம் கொடுத்துவிடுகிறோம். இங்கே தடுப்பூசி நாள் புதன்கிழமை. கம்பெனி வேலையில் இருக்கும் அம்மாக்களால் அன்று வர முடியாது என்பதால், முந்தின நாளே ஒப்புதல் எழுதி வாங்கிக்கொண்டு, பாட்டியோ பெரியம்மாவோ உடன் வர, வளாகத்திலேயே போட்டுவிட அவர் ஒத்துக்கொண்டிருக்கிறார்.